நூற்றுத் தொண்ணூற்றேழாவது இடம்

நெத்திலியின் தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் மீனைக் குற்றம் சொல்லக் கூடாது, கிள்ளியவளுக்கு நிதானம் இல்லை என்று அர்த்தம். பெர்னதெத்துக்கு இன்றைக்கு நாலில் ஒன்று வரவில்லை. தலை மட்டும் கையோடு வருகிறது, குடல் உள்ளேயே நின்றுகொள்கிறது, மறுபடி நகத்தை விட்டுத் தோண்ட வேண்டியிருக்கிறது. காலை பத்து மணி, கொல்லைப்புறம், துவைகல்லின் மேல் அலுமினியச் சட்டி, அரை கிலோ மீன். துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பும் நிலக்கரித் தூளும் சரிபாதி. முருங்கை மரத்தடியில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் பனியனும் சாரமுமாக அவள் புருஷன் சூசை மிக்கேல். முப்பது வருஷக் கணக்கு வாத்தியார், தூத்துக்குடியில் பாதிப் பேர் இன்னும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிற மிக்கேல் சார், தன் கால் பெருவிரலையே ஏதோ புதுப் பொருள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஏட்டி பெர்னா, இன்னைக்கு என்ன கிழமை?" "வெள்ளி. மீன் ஆயுதேன்லா, பார்த்தா தெரியலையா?" "மீனைப் பார்த்தா கிழமை தெரியுமா?" "இந்த வீட்ல தெரியும். வெள்ளிக்கிழமை கறி கிடையாதுல்லா." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது, முப்பத்திரண்டு வருஷமாக ஒரு பல்லும் குறையாமல். சிரிப்பு எங்கே இருக்கிறதோ அந்த அறைக்குள் நோய் இன்னும் போகவில்லை போல. ஆனால் இது மூன்றாவது தடவை. எட்டரைக்கு ஒரு தடவை, இட்லி சாப்பிடும்போது ஒரு தடவை, இப்போது. இனிமேல் எண்ணக் கூடாது என்று நேற்றே முடிவு செய்திருந்தாள், எண்ணாமல் இருக்க முடியவில்லை, இந்த வீட்டில் எண்ணாமல் எப்படி இருப்பது, எண்தானே இந்த வீட்டில் மூன்றாவது ஆள்.

உள்ளே பீரோ. இரண்டாவது தட்டு. ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், இவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அந்தத் தாள். ஐந்து நாளாக அவள் பீரோவைத் திறக்கவில்லை. புடவை எடுக்கக்கூடத் திறக்கவில்லை, கொடியில் கிடப்பதையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். போய்ப் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. இருபதாவது வரி, ஏழாவது எண். எட்டா ஒன்பதா. எட்டு என்று இருந்தால் ஒரு மாதிரி, ஒன்பது என்று இருந்தால் வேறு மாதிரி, பார்க்காதவரை இரண்டும் இருக்கிறது. இப்படி நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இது அவர் பேச்சு, அவர் மூளை, அது அவருக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று தனக்குள் வந்து உட்காருகிறதா என்ன, அப்படியானால் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்கிறதும் நமக்கு வந்துவிடும், ரொம்ப உபயோகம், ஆப்பச் சட்டியை வைத்து வகுத்துப் பார்க்கலாம். பை. மூன்று புள்ளி ஒன்று நாலு. கான்வென்டில் சிஸ்டர் அதோடு நிறுத்திவிட்டார், அதற்கு மேல் போகிறது கணக்கு இல்லை, திமிர் என்று சொன்னார். அதற்கு மேல் போகிறவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் போன் பண்ணுவார். இவர்கள் வீட்டில் போன் இல்லை, பக்கத்து வீட்டு கஸ்டம்ஸ் கிளார்க் வீட்டு நம்பர், பி.பி. என்று பத்திரிகையில் போட்டுக்கொள்கிற காலம். இரண்டு ஒன்று நாலு ஆறு ஏழு. லூர்து அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, உன் கணக்கு வாத்தியார் கூப்பிடுதாரு, சீக்கிரம் வா, எனக்கு அடுப்புல குழம்பு கிடக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். ஓடிப்போய் எடுத்தால் இந்த மனுஷன் என்ன சொல்வார்? சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார். "உங்க நம்பரைக் கூட்டினா இருபது வருது, தெரியுமா?" அதைச் சொல்லத்தான் போன். கல்யாணமான மறு வருஷம் கல்லூரி நூலகத்திலிருந்து நூறு நூறாக ஐந்நூறு தசம இலக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். கோழி கிளறின மாதிரி எழுத்து. "பெர்னா, நீதான் ஹையர் பாஸ் பண்ணியிருக்கியே, டைப் அடிச்சுத் தாயேன்." அடித்தாள். வரிக்குப் பத்து, ஐம்பது வரி, ஒரே மாலையில், விசைகளைப் பார்க்காமல். டைப்ரைட்டிங் வகுப்பில் சிஸ்டர் கிளமென்டைன் விசைகளின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத்தான் அடிக்கச் சொல்வார், தப்பினால் அளவுகோல் முட்டியில் விழும், விழுந்ததில்லை, வகுப்பிலேயே பெர்னதெத்துக்கு மட்டும் விழுந்ததில்லை. அன்று மாமியார் அடுக்களையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை ஏழாவது எட்டாவது வரியில் இருக்கும். இரண்டாவது தடவை எந்த வரியில்? அதை நினைவுக்குக் கொண்டுவரத்தான் ஐந்து நாளாகத் தூங்காமல் கிடக்கிறாள். எட்டுக்கு நடுவிரல், ஒன்பதுக்கு மோதிர விரல். மோதிரம் புதுசு, கனமாக இருக்கும், விரல் தானாகச் சாயும்.

அந்தத் தாளிலிருந்துதான் அவர் மனப்பாடம் செய்தார். அவள்தான் ஒப்பிப்பதைக் கேட்டாள். இரவு ஜெபமாலை முடிந்ததும், மணிமாலை கையில் இருக்கும்போதே, அவர் பத்து எண் சொல்வார், அவள் தாளில் பார்த்து, சரியாக இருந்தால் "ம்" என்பாள், ஒரு மணியைத் தள்ளுவாள். "ம்" வந்தால்தான் அவர் அடுத்த பத்துக்குப் போவார். தப்பென்றால் வாயைத் திறக்கமாட்டாள், எங்கே தப்பு என்று சொல்லவும் மாட்டாள், அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை ஓர் எண்ணுக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பசியோடு, அவள் "ம்" கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டாள். சாமியாரின் பிரசங்கத்தில் தப்பு வந்தால் பூசை முடிந்து போய்ச் சொல்கிறவள், மகள் ஜெசிந்தா ஹாஸ்டலிலிருந்து எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவள். "உங்கம்மா கிட்ட அந்த 'ம்' வாங்குறது டாக்டர் பட்டம் வாங்குற மாதிரி" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார். முப்பது வருஷம் அந்த ஐந்நூறு எண்ணும் அசையவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வீடு, ரயில் பயணம், எங்கே கேட்டாலும் சொல்வார். போன சித்திரையில் ரொட்டி வாங்கப் போனவர் துறைமுக வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார், யாரோ பழைய மாணவன் கூட்டிவந்து விட்டான். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் வந்தார். மருமகன் பெயர் போயிற்று, அது போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் எண்கள் நின்றன. மதுரை டாக்டர் சொன்னார்: ரொம்ப ஆழத்துல பதிஞ்சது கடைசியிலதான்மா போகும். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒன்பது மாதமாக நிற்கிறாள். எண் இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார்.

போன ஞாயிறு பெங்களூரிலிருந்து ஜெசிந்தா வீடியோவில் வந்தாள். "அப்பா, நம்பர் சொல்லுங்க பார்ப்போம்." அவளுக்கு எதிரில் கம்ப்யூட்டரில் அசல் எண். சொல்லிக்கொண்டே போனார். நூற்றுத் தொண்ணூற்றேழாவது இடத்தில் ஜெசிந்தாவின் முகம் மாறியது. அவர் அதற்கு மேலும் பத்து சொல்லிவிட்டு, போதும், தொண்டை காயுது என்று எழுந்து போய்விட்டார். "ம்மா, அது எட்டு. அப்பா ஒன்பதுன்னு சொல்றாங்க. ம்மா, ஆரம்பிச்சிருச்சு." அழுதாள். பெர்னதெத் அழவில்லை. "நீ சரியாப் பார்த்தியா? உனக்கு எப்பவும் அவசரம்" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது, எலி மாதிரி, சுவரோரமாக: தப்பு அவருடையதா, என்னுடையதா. ஆண்டு விழாவில் யார் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தார்கள், அவர் சொன்னதற்குக் கை தட்டினார்கள், அவ்வளவுதானே. சரிபார்த்த ஒரே ஆள் நான், நான் பார்த்தது என் தாளைத்தானே. வாழ்நாளில் முதல் தடவையாகத் தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். யாரிடம் வேண்டுவது, மாதாவுக்கு இதெல்லாம் புரியுமா, தாயே, நான் ஒரு எட்டை ஒன்பதாக அடித்திருக்க அருள்புரியும்.

ஒரு காகம் சட்டிப் பக்கம் வந்தது. விரட்டினாள். "காகமும் அதுல இருக்கு" என்றார் அவர், கால் விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எதுல?" "பைலதான். உனக்கு எத்தனை தடவை சொல்லுதது." பத்து வருஷத்துக்கு முன்னால் முதலில் சொன்னபோது அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதையும் எண்ணாக மாற்றலாம், உன் போன்ல இருக்க போட்டோ எல்லாம் எண்தானே, பாட்டும் எண்தானே, அப்ப இந்தத் தெரு, இந்த வீடு, நீ, உன் மூளை, அதுல இருக்க கோபம் எல்லாத்தையும் ஒரே ஒரு நீளமான எண்ணா எழுதிரலாம். பைக்கு முடிவு கிடையாது, ஒழுங்கும் கிடையாது. எந்த எண்ணைக் கேட்டாலும் அதுக்குள்ள எங்கயாவது கிடக்கும். அப்ப நம்ம வாழ்க்கை முழுக்க ஏற்கனவே அதுக்குள்ள எழுதிக் கிடக்கு. நாம இங்க இருக்கோமா, அந்த எண்ணுக்குள்ள ஓடுதோமா, எப்படித் தெரியும்? "எந்த எண்ணும் கிடக்கும்னு யாரு நிரூபிச்சா?" என்று கேட்டாள். "இன்னும் யாரும் நிரூபிக்கல. ஆனா எல்லாரும் நம்புதோம்." "நிரூபிக்காததை நம்புறதுக்குத்தான் எங்க சிஸ்டர்ஸ் இருக்காங்களே, நீங்க வேறயா. எழுதிக் கிடக்குன்னா இந்தப் பூண்டையும் அதுவே உரிச்சிரட்டும்." அப்போது அது வேடிக்கை. இப்போது அரை கிலோ நெத்திலியின் நடுவில் அது வேடிக்கையாக இல்லை. எல்லாமே எழுதிக் கிடக்கிறது என்றால் இந்த நோயும் எழுதிக் கிடக்கிறது, இந்த நோய் இல்லாத மிக்கேலும் வேறெங்கோ கிடக்கிறார், கோடி கோடி இலக்கம் தள்ளி, அங்கே இன்னொரு பெர்னதெத் நாலில் ஒன்றைத் தவறவிடாமல் மீன் ஆய்கிறாள், ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். அந்தச் சிறுக்கியைக் கண்டால் அறையலாம் போல இருந்தது. அப்புறம் அந்த இன்னொன்று, பகலில் வரக்கூடாத நினைப்பு. நாம் ஓர் எண் என்றால் யாரோ நம்மை வாசிக்கிறார்கள். அல்லது அடிக்கிறார்கள். விசைகளைத் துணியால் மூடிக்கொண்டு, பார்க்காமல், வேகமாக, நம்பர் ஒன் மாணவி. நடுவில் அவளை யாரோ அடுக்களையிலிருந்து கூப்பிடுகிறார்கள். விரல் சாய்கிறது. ஒரு மனுஷன் துறைமுக வாசலில் போய் நிற்கிறான்.

இது அதோடும் நிற்கவில்லை. ஒருவேளை அந்த ஒன்பது என்னுடையதாகவே இருந்தால்? முப்பது வருஷமாக அவர் தலைக்குள் சரியான எண்களுக்கு நடுவில் நான் போட்ட ஒரு பொய் எண் உட்கார்ந்திருந்திருக்கிறது. அரிசிக்குள் ஒரு வண்டு முட்டை மாதிரி. அது அங்கேயிருந்துதான் தின்ன ஆரம்பித்ததோ. பைத்தியக்காரத்தனம், மூளை என்ன அரிசி மூட்டையா, ஆஸ்பத்திரிப் படத்தில் டாக்டர் காட்டினாரே, சுருங்கிய இடமெல்லாம் கறுப்பாக, அதில் எங்கேயாவது டைப்ரைட்டர் இருந்ததா. இல்லை. ஆனாலும் கை நின்றுவிட்டது. கட்டைவிரல் நகத்துக்கடியில் மீனின் வெள்ளிச் செதில், அதில் முருங்கை இலை வழியாக விழுந்த வெயில். எட்டாக இருந்தால் அவர் போய்க்கொண்டிருக்கிறார். ஒன்பதாக இருந்தால் நான்தான் விஷம் வைத்தேன். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது? எது நடந்தாலும் பெர்னதெத்துக்கு அளவுகோல் விழும். "பெர்னா, இன்னைக்கு என்ன கிழமை?" நாலாவது தடவை. "வெள்ளி" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட மெதுவாக வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், மனைவி எரிந்து விழாதது அவருக்கே வித்தியாசமாக இருந்தது போல. "உனக்கு மேலுக்குச் சரியில்லையா?" "எனக்கென்ன. உட்காருங்க, இந்தா வாரேன். காகத்தைப் பார்த்துக்கிடுங்க."

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் கவிச்சி போகவில்லை. அந்தக் கையோடுதான் பீரோவைத் திறந்தாள். நாப்தலின் வாசம். ரேஷன் கார்டு, சான்றிதழ், பத்திரம், ஃபைல். தாள் மடிப்பில் பழுத்திருந்தது, எழுத்து மட்டும் கறுப்புக் குறையாமல், நல்ல ரிப்பன் அது. வரியை மேலிருந்து எண்ணினாள். நடுவில் விட்டுப்போயிற்று, மறுபடி எண்ணினாள். இருபது. ஐந்து நாலு ஒன்பது மூன்று சைபர் மூன்று. அடுத்த எண்ணை விரலால் மறைத்திருந்தாள், தெரியாமல் மறைத்ததா தெரிந்தே மறைத்ததா. விரலை நகர்த்தினாள். ஒன்பது. சுத்தமான, நேரான, கொஞ்சமும் கலங்காத ஒன்பது. தப்பு செய்கிறோம் என்று சந்தேகமே இல்லாமல் அடித்த ஒன்பது. அவள் அங்கேயே, பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். விஷம் என்று வந்த நினைப்பு எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை, வந்தது சிரிப்பு. அவர் சரி. முப்பது வருஷமும் அவர் சரி, நான் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறார், தப்பைக்கூடத் தவறவிடாமல் வைத்திருக்கிறார். ஜெசிந்தாவுக்கு உடனே போன் பண்ண வேண்டும். உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆரம்பிக்கலட்டி, உங்கம்மாதான் தப்பு. அதை வாயால் சொல்வதற்கே ருசியாக இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், காதால், பழைய மாதிரி. சுவரில் மாதா படத்துக்குக் கீழே தொங்கிய மணிமாலையை எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, எண்ணைச் சொல்லுங்க." "எதுக்கு இப்ப?" "சும்மா. நான் தாளைப் பார்க்குதேன். முதல்லேர்ந்து." அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், வகுப்புக்குள் நுழையும்போது வருகிற நிமிர்வு. அவள் முதல் வரியில் விரலை வைத்தாள். ஒண்ணு நாலு ஒண்ணு அஞ்சு ஒம்பது ரெண்டு ஆறு அஞ்சு மூணு அஞ்சு. "ம்." ஒரு மணி. குரல் அதே ராகம், பாதி வாய்ப்பாடு, பாதி ஜெபம். விரல் வரிவரியாக இறங்கியது. கிழமை தெரியாத மனுஷன் எங்கேயும் முட்டாமல் போய்க்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது வரி. "ம்." இருபது. அஞ்சு நாலு ஒம்பது மூணு சைபர் மூணு ஒம்பது ஒண்ணு ஒம்பது ஆறு. என் ஒன்பது, ராசா, என் ஒன்பது. "ம்" என்றாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அப்புறம் இருபத்து நாலாவது வரி. மூணு ஏழு எட்டு ஆறு, அதுவரை விரலும் குரலும் சேர்ந்து போயின. "ரெண்டு சைபர் நாலு நாலு ஏழு ஒண்ணு" என்றார். விரல் ஏழின் மேல் நின்றது. தாளில் ஏழு எட்டு மூன்று ஒன்று ஆறு ஐந்து. ஓர் எண்கூட ஒத்துப்போகவில்லை. ஆறு இடமும் வேறு. தடுமாறவில்லை, யோசிக்கவில்லை, அதே ராகத்தில் பத்தை முடித்துவிட்டு அவர் காத்திருந்தார்.

அவள் கண் அடுத்த வரியில் தேடியது, அதற்கடுத்த வரியில் தேடியது, தாவியிருக்கலாம் இல்லையா, கடைசி வரி வரை இறங்கிப் பார்த்தது. எங்கேயும் இல்லை. இந்தத் தடவை மாமியார் கூப்பிடவில்லை, மோதிர விரல் சாயவில்லை, இது அவள் தப்பு இல்லை. தப்பு தன்னுடையதாக இல்லாமல் போவது இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தாள், முப்பது வருஷ வழக்கம், தப்பென்றால் பேசக் கூடாது, அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் காத்திருந்தார். முகத்தில் அந்த நல்ல மாணவனின் பொறுமை, கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு பயம் ஏறுவதைப் பார்த்தாள். இங்கேயே நின்றுவிடுவார். அவள் வாயைத் திறக்காவிட்டால் இந்த முருங்கை மரத்தடியிலேயே, பசியோடு, முக்கால் மணி நேரம், முக்கால் வருஷம். எந்த எண்ணைக் கேட்டாலும் அதுக்குள்ள எங்கயாவது கிடக்கும். அப்படியானால் இவர் சொன்ன பத்தும் எங்கேயோ கிடக்கிறது. நம் தாளில் இல்லை, அவ்வளவுதான், ஐந்நூறில் இல்லை, ஐந்து லட்சத்திலும் இல்லையோ என்னவோ. தப்பாகச் சொல்லவில்லை, வேறு இடத்தில் நின்று சொல்கிறார். தூரமாக, மிகத் தூரமாக, துறைமுக வாசலைவிடத் தூரமாக. யாரும் நிரூபிக்கவில்லை. "என்னட்டி, தப்பா?" என்றார்.

"ம்" என்றாள். மணியைத் தள்ளினாள். அது எந்தப் பக்கத்து "ம்" என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை, முகம் தெளிந்துவிட்டது. அடுத்த பத்தைத் தொடங்கினார். ஆறு சைபர். ரெண்டு ஒண்ணு நாலு ஆறு ஏழு. அவள் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்பில் குழம்பு கிடக்க, லூர்து அக்கா போனை எடுத்துவிட்டுக் கத்துகிறாள், சீக்கிரம் வா. தற்செயல்தான். எந்த ஐந்து எண்ணும் எங்கேயாவது வரும், வந்துதானே ஆக வேண்டும். மூணு மூணு எட்டு. நிறுத்தினார். காகம் சட்டியில் இறங்கி நிதானமாக ஒரு மீனைத் தேர்ந்தெடுத்தது, அவள் எழுந்திருக்கவில்லை. தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம்" என்றாள். "மேல சொல்லுங்க."